கொரோனாவில் ஏழை நாடுகள் தப்பித்தனவா?



விதைத் திருவிழாக்களிலும் நம்ம மாதக் கூட்டங்களிலும் சில வருடங்களாக ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "கொரோனா வந்தப்போ அமெரிக்காக்காரனும் இத்தாலிக்காரனும் கொத்துக் கொத்தாச் செத்தான். ஆப்பிரிக்காவுல ஒண்ணும் ஆகல, நம்ம கிராமத்துலயும் ஒண்ணும் ஆகல. ஏன்? மண்ணுல வேலை, பழைய சோறு, மஞ்சள், மிளகு. அவ்வளவுதான்." மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானும் காலையில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போகிறவன்தான். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்கிறபோதெல்லாம் 2021 மே மாதம் எங்கள் ஊர்ச் சுடுகாடு ஞாபகத்துக்கு வருகிறது. வழக்கமாக ஒரு வருடத்தில் ஆகிற சாவு அந்த ஒரே மாதத்தில் ஆனது. ஒண்ணும் ஆகலன்னு எப்படிச் சொல்றது?

ரசாயனக் கம்பெனிக்காரர்கள் சொல்கிற கணக்கை நாம் ஒவ்வொரு வரியாகக் குடைந்து கேள்வி கேட்கிறோம். நமக்குப் பிடித்த கணக்கையும் அதே மாதிரி குடைந்துதான் ஆக வேண்டும். பணக்கார நாட்டில் சாவு அதிகம், ஏழை நாட்டில் குறைவு என்று தெரிவதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அரசாங்கங்கள் சொன்ன எண்ணிக்கை. ஒவ்வொரு 10 லட்சம் பேருக்கும் அமெரிக்காவில் 3,000க்கு மேல் இறந்தார்கள். இந்தியாவில் 400க்குக் கீழே. நைஜீரியாவில் 20ஐக்கூட எட்டவில்லை. இதை மட்டும் பார்த்தால் மேடைப் பேச்சு சரி என்றுதான் தோன்றும்.

இரண்டு வயலில் பூச்சி விழுந்திருக்கிறது, எதில் சேதம் அதிகம் என்று யாராவது கேட்டால் நாம் உடனே பதில் சொல்வோமா? பயிருக்கு எத்தனை நாள் வயசு என்று கேட்போம். நாற்றுப் பருவத்தில் இருக்கிற வயலையும் கதிர் பழுக்கிற வயலையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. கொரோனா விஷயத்தில் இந்த வயசுக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

பல நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2020ல் ஓர் ஆய்வு வந்தது. தடுப்பூசி வருவதற்கு முந்தைய நிலவரம் அது. தொற்று ஏற்பட்டவர்களில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் இறப்பார்கள் என்று வயது வாரியாகக் கணக்கிட்டார்கள். 10 வயதுப் பிள்ளைகளில் 2 பேர். 25 வயதில் 10 பேர். 55 வயதில் 400 பேர். 65 வயதில் 1,400 பேர். 75 வயதில் 4,600 பேர். 85 வயதில் 15,000 பேர். இருபத்தைந்து வயசுப் பேரனுக்கும் எண்பத்தைந்து வயசுத் தாத்தாவுக்கும் நடுவில் 1,500 மடங்கு வித்தியாசம். இப்படி வயதோடு சேர்ந்து செங்குத்தாக ஏறுகிற நோய்கள் அதிகம் கிடையாது.

இப்போது நாடுகளைப் பாருங்கள். ஒரு நாட்டு மக்களை எல்லாம் வயது வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கிறவரின் வயதைக் கேட்டால், ஜப்பானிலும் இத்தாலியிலும் அவருக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். இந்தியாவில் சுமார் 28. நைஜீரியாவில் சுமார் 18. நைஜர் நாட்டில் 15தான். இத்தாலியில் விழுந்த அதே கிருமி அதே வேகத்தில் நைஜரில் விழுந்தாலும் சாவு பல மடங்கு குறைவாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பழைய சோறும் தேவையில்லை, மிளகும் தேவையில்லை. இளம் நாடாக இருப்பதில் முழுக்கப் பெருமைப்படவும் முடியாது. பிறப்பு அதிகம் என்பது ஒரு காரணம். எண்பது வயதைத் தொடுவதற்கு முன்பே மலேரியாவிலும் காசநோயிலும் பிரசவத்திலும் பலர் போய்விடுவது இன்னொரு காரணம்.

பணக்கார நாடுகளில் இன்னொன்றும் நடந்தது. அங்கே நடக்க முடியாத முதியவர்களை ஒரே கட்டடத்தில் சேர்த்து வைத்துப் பராமரிக்கிறார்கள். முதல் அலையில் அப்படிப்பட்ட இல்லங்களுக்குள் கிருமி நுழைந்தது. பல நாடுகளில் சாவின் பெரும்பங்கு அங்கேதான்.

அடுத்தது, எண்ணியது யார் என்ற கேள்வி.

ஜாம்பியா நாட்டின் தலைநகர் லுசாகா. 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே உள்ள பெரிய மருத்துவமனையின் பிணவறைக்கு வந்த 364 உடல்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ ஆறில் ஓர் உடலில் கொரோனா இருந்தது. அப்போது உலகமே "ஆப்பிரிக்கா தப்பித்தது எப்படி" என்று வியந்துகொண்டிருந்தது. பிணவறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இறந்தவர்கள். அப்படி வீட்டில் இறந்த கொரோனாக்காரர்களில் ஒருவருக்குக்கூட உயிரோடு இருந்தபோது பரிசோதனை நடக்கவில்லை. பரிசோதனை இல்லையென்றால் நோய் இல்லை, நோய் இல்லையென்றால் அந்தச் சாவு பட்டியலில் இல்லை. இதுதான் அங்கே நடந்தது.

நம்ம நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2020ல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தவை நூற்றுக்கு 22 அல்லது 23தான். மீதிச் சாவுகளுக்கு என்ன காரணம் என்பது அரசாங்கப் பதிவில் கிடையாது. சென்னையிலேயே விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலையில் ஒரு குழு கண்டுபிடித்துச் சேர்த்தது. தலைநகரத்திலேயே அப்படி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டிய ஊர்களை யோசித்துப் பாருங்கள். பீகாரில் 2021 ஜூனில் ஒரே நாளில் 3,951 மரணங்களைச் சேர்த்தார்கள். 5,458 ஆக இருந்தது 9,429 ஆனது. எழுதுகிற இயந்திரம் ஓரளவு ஒழுங்காக இருக்கிற கேரளம் இந்தியப் பட்டியலில் மோசமாகவும், பாதிச் சாவுகூடப் பதிவாகாத மாநிலம் நன்றாகவும் தெரிகிற விசித்திரம் இப்படித்தான் வருகிறது.

இதனால் உலக சுகாதார நிறுவனம் வேறு வழியில் கணக்குப் போட்டது. கொரோனா என்று எழுதப்பட்டதை விட்டுவிட்டு, அந்த இரண்டு வருடங்களில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்த்தது. 2020, 2021 இரண்டிலும் சேர்த்து உலகம் முழுக்க 1 கோடியே 49 லட்சம் பேர். நாடுகள் சொன்னது 54 லட்சம்தான். இந்தியாவுக்கு மட்டும் மதிப்பீடு 47 லட்சம், அரசு சொன்னது 4 லட்சத்து 81 ஆயிரம். கணக்கிட்ட முறை சரியில்லை என்று ஒன்றிய அரசு மறுத்தது, அந்த வாதம் இன்னும் தீரவில்லை. எது எப்படியோ, அரசு எண்ணிக்கை குறைவு என்பதை அந்த மே மாதம் எங்கள் ஊரில் இருந்த யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

"கிராமத்துக்குள்ள வரவே இல்லை" என்பதற்கும் ஒரு வார்த்தை. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்கச் சோதித்தது. 2020 மே, ஜூனில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. 2021 ஜூன், ஜூலையில் மூன்றில் இரண்டு பேருக்கு இருந்தது. அவர்களில் தடுப்பூசி போட்டவர்கள் கொஞ்சம், தொற்று வந்து போனவர்கள்தான் அதிகம். கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் பெரிய வித்தியாசமே இல்லை.

எங்கள் தெருவில் பெரியப்பா முறை ஒருவர் ஐந்து நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு என்று கிடந்து போய்ச் சேர்ந்தார். நல்ல உழைப்பாளி, சர்க்கரை மட்டும் கொஞ்சம் உண்டு. பரிசோதனை எடுக்கவில்லை. இறப்புப் பதிவில் வயது மூப்பு என்று இருக்கிறது. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்க 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழிசெய்தது. பெரியம்மாவிடம் காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை, அதனால் பணமும் இல்லை. எண்ணிக்கையில் விடுபடுவது என்றால் புள்ளிவிவரத்தில் ஒன்று குறைவது மட்டும் இல்லை, ஒரு குடும்பத்தின் கையில் வரவேண்டியது வராமல் போவதும்தான்.

வயதைச் சரிக்கட்டி, விடுபட்டதையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகிறது? 2022ல் வெளியான இன்னோர் ஆய்வு வளரும் நாடுகளை எடுத்துக்கொண்டு இதைப் பார்த்தது. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குத் தொற்று வந்தால், வளரும் நாட்டில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பு பணக்கார நாட்டில் இருப்பவரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று முடிவு வந்தது. மேடைப் பேச்சு அப்படியே தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா? ஏழை நாடு தப்பித்த மாதிரி தெரிந்ததற்குக் காரணம் அங்கே இளைஞர்கள் அதிகம், எழுதப்படாத சாவும் அதிகம். நோயில் விழுந்த ஏழைக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

இதை நேரில் பார்த்த மாதிரி புரிந்துகொள்ள பெரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலைத்தொடரில் இருக்கிறது. உருளைக்கிழங்கு பிறந்த பூமி. ஆயிரக்கணக்கான உருளைக்கிழங்கு ரகங்களை மலை உழவர்கள் இன்னமும் கையில் வைத்திருக்கிறார்கள். கினோவா அங்கேதான். பன்னாட்டு உருளைக்கிழங்கு ஆய்வு மையம் இருப்பதும் அதன் தலைநகர் லிமாவில்தான். உணவுப் பன்மை என்று நாம் மேடையில் பேசுவதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2020 மார்ச் மத்தியிலேயே, அதாவது நமக்கும் முன்னால், அங்கே கடுமையான ஊரடங்கு போட்டார்கள். அப்படியும் 2021 மே 31 அன்று அந்த அரசு தன் கணக்கைத் திருத்தியபோது 69,342 ஆக இருந்த மரண எண்ணிக்கை 1,80,764 ஆனது. மக்கள்தொகை 3 கோடியே 30 லட்சம்தான். மக்கள்தொகைக்கு எடுத்துப் பார்த்தால் உலகிலேயே அதிகம்.

ஏன்? உழைப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் அன்றாடங்காய்ச்சிகள். இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் அடுப்பு எரியாது. 2017 கணக்கெடுப்பின்படி பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, அதனால் காய்கறிக்குத் தினமும் சந்தைக்குப் போயாக வேண்டும். ஊரடங்கில் மற்றதெல்லாம் மூடியிருக்க, எல்லோரும் அந்தச் சந்தையில்தான் முட்டி மோதினார்கள். லிமாவின் சந்தைகளில் வியாபாரிகளைச் சோதித்தபோது தொற்று வெகு அதிகமாக இருந்தது. அரசு நிவாரணப் பணம் அறிவித்தது, நல்லதுதான். ஆனால் நிறையப் பேருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. பணம் வாங்க வங்கி வாசலில் வரிசை கட்டினார்கள், கிருமியும் அந்த வரிசையில் நின்றது. நகரத்தில் பிழைக்க முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் மலை ஊர்களுக்கு நடந்தே கிளம்பினார்கள். நம்ம நெடுஞ்சாலைகளில் பார்த்த அதே காட்சி. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆக்சிஜன் உருளையின் விலை பல மடங்கு ஏறியது. அப்பாவுக்கு ஓர் உருளை வாங்க மகன் ராத்திரி முழுக்க வரிசையில் காத்திருந்த கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அந்த மக்கள் சாப்பிட்ட கிழங்கில் ஒரு குறையும் இல்லை. மூச்சு முட்டுகிறவருக்குக் கிழங்கைக் கொடுத்து என்ன செய்வது?

நூறு வருடம் பின்னால் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். 1918ல் வந்த விஷக் காய்ச்சல் முதியவர்களைவிட இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களை அதிகம் தின்றது. அதாவது இளம் நாடு என்ற கவசம் அப்போது இல்லை. அந்தக் காலப் பதிவுகளைக் கொண்டு பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், டென்மார்க்கில் ஆயிரம் பேருக்கு 2 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் மத்திய மாகாணம், பேரார் பகுதியில் ஆயிரம் பேருக்கு 78 பேர். அந்த வருடம் பருவமழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, ஆட்சியாளர்களின் போர் வேறு. அப்போது விளைந்தது எல்லாம் மரபு விதை, போட்டது எல்லாம் தொழு உரம் என்பதை நமக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வது நல்லது. நஞ்சில்லாத உணவாக இருந்தது உண்மை. அந்த உணவு வயிற்றுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

அப்படியானால் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதைச் சரியான இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்தக் கொதிப்பு இருப்பவர்களைக் கொரோனா கடுமையாகத் தாக்கியது என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் பெரியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு உடல் பருமன் இருக்கிறது. மருத்துவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கிற அந்த நாட்டில் 2019க்கும் 2021க்கும் நடுவில் சராசரி ஆயுள் இரண்டு வருடத்துக்கு மேல் குறைந்துபோனது. ஜப்பானோ உலகின் வயதான நாடு, பருமன் மிகக் குறைவு, முதல் இரண்டு வருடத்தில் சாவும் குறைவு. முகக்கவசப் பழக்கம் முதலான வேறு காரணங்களும் அங்கே உண்டு. நம்ம ஊர்ப் பக்கம் வந்தால், 2023ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இதில் தவிடு நீக்கிய அரிசிக்கும் பொட்டலத் தின்பண்டத்துக்கும் இருக்கிற பங்கை நாம் தைரியமாகப் பேசலாம். அது இருபது வருடம் சேர்ந்து உடம்பில் ஆகிற வேலை. தொற்று வந்த வாரத்தில் ஒரு டம்ளர் கஷாயம் அதைத் திருப்பிவிடாது. நாங்களும் வீட்டில் கபசுரக் குடிநீர் குடித்தோம், தொண்டைக்கு இதமாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

நுண்ணுயிர் விஷயம் நமக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கூடுதல் கவனம் வேண்டும். குதிரையும் மாடும் வைத்துச் சிறிய அளவில் பழைய முறையில் விவசாயம் செய்கிற அமிஷ் மக்களின் பிள்ளைகளுக்கு, பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருக்கிற ஹட்டரைட் மக்களின் பிள்ளைகளைவிட ஆஸ்துமா வெகு குறைவு என்று 2016ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அருமையான ஆய்வு. ஆனால் அது ஒவ்வாமை பற்றியது. கொரோனாவுக்கு இதே மாதிரி ஒரு நம்பிக்கை, குழந்தைக்குப் போடுகிற காசநோய்த் தடுப்பூசி மேல் 2020ல் எழுந்தது. அதைப் போடுகிற ஏழை நாடுகளில் சாவு குறைவு என்று வரைபடம் போட்டார்கள். மருத்துவப் பணியாளர்களுக்குப் போட்டுச் சோதித்து 2023ல் முடிவு வந்தபோது பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. பெருவிலும் அந்த ஊசி எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள்.

தடுப்பூசி கிடைத்த விதத்தில் பணம் வெளிப்படையாகவே பேசியது. 2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். பணக்கார நாடுகள் 49ல் 3 கோடியே 90 லட்சம் ஊசி போட்டாகிவிட்டது, மிக ஏழை நாடு ஒன்றில் போட்டது 25. ஆயிரம் இல்லை, லட்சம் இல்லை, வெறும் 25 ஊசி. கொரோனா முடியும்வரை காப்புரிமையைத் தளர்த்துங்கள், நாங்களே செய்துகொள்கிறோம் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வணிக நிறுவனத்தில் கேட்டன. பாதி அரையாக ஒரு முடிவு வர 2022 ஜூன் ஆனது. வேம்புக்குக் காப்புரிமை வாங்கியவர்களோடு ஐரோப்பாவில் பத்து வருடம் மல்லுக்கட்டி 2005ல் அதை முழுசாக உடைத்த கதை தெரிந்த நமக்கு, இந்த இழுத்தடிப்பு புதிதாக இருக்காது.

பணம் இல்லாமலே சமாளித்த நாடும் இருக்கிறது. வியட்நாமில் 2021 ஏப்ரல் வரை கொரோனாவில் இறந்தவர்கள் 35 பேர்தான், பத்துக் கோடிப் பேர் வாழ்கிற நாட்டில். எல்லையைச் சீக்கிரம் மூடினார்கள். தொற்று வந்தவரையும் அவரைச் சந்தித்தவரையும் ஊர் ஊராகத் தேடித் தனிமைப்படுத்தினார்கள். கிராமம் வரைக்கும் சுகாதார நிலையமும் அதில் ஆளும் இருந்ததால்தான் அது முடிந்தது. பிறகு டெல்டா கிருமி ஹோசிமின் நகரத்துத் தொழிற்சாலைகளில் புகுந்தபோது, ஊசி போட்டவர்கள் மிகக் குறைவாக இருந்ததால், ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அதே மக்கள், அதே சோறு, அதே கீரை.

நம்ம இயக்கத்துக்கு இதில் நேரடி வேலை ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த 20க்கும் மேற்பட்ட உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் இறந்தார்கள். அவர்கள் மருத்துவமனைக்கு வந்து பதிவானதால்தான் அது நாடு முழுக்கத் தெரிந்தது. மருந்தடித்துவிட்டு வீட்டுத் திண்ணையில் சுருண்டு இறந்தவருக்கு "திடீர் மரணம்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்தக் கூட்டத்திலும் நாம் காட்ட எண்ணிக்கை இல்லாமல் போவது இதனால்தான்.

ஆகவே ஊரில் யார் இறந்தாலும் 21 நாளுக்குள் பதியச் சொல்லுங்கள். கிராம ஊராட்சிகளில் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர்தான். அதற்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் உத்தரவு வாங்க அலைய வேண்டும். வீட்டில் இறந்தவராக இருந்தால், கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் காரணத்தை 4ஏ படிவத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கு அவர் பணம் கேட்கக் கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது. மூச்சுத்திணறலா, காய்ச்சல் எத்தனை நாள், கடைசி வாரம் மருந்து தெளித்தாரா என்பதை எல்லாம் மருத்துவரிடம் வீட்டார் சொன்னால்தான் அவர் எழுத முடியும். துக்க வீட்டில் இதை எப்படிக் கேட்பது என்று தயங்குவோம். பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் போய்க் கேட்டால்கூட இன்னும் பத்து நாள் அவகாசம் இருக்கும்.